சத்தம் போடும் கணினி: வீட்டு வைத்தியங்களில் எது பலிக்கும்? – வாசகர் கேள்வி பதில்

கோடை தொடங்கியதிலிருந்து கணினியின் சூடு, சத்தம் பற்றித்தான் அதிகக் கேள்விகள் வருகின்றன. பலர் வழக்கத்துக்கு மாறான யோசனைகளையும் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். அவற்றை ஒதுக்கிவிடாமல், பலிக்குமா பலிக்காதா என்று கணக்குப் போட்டே பதில் சொல்கிறோம்.

ஐந்து வருடம் பழைய கணினி. இன்டெல் ஐ5 10400 பிராசசர், அதனுடன் வந்த ஃபேன்தான். மதியம் ஆனால் பிரவுசர் திறந்தாலே இரைச்சல் தாங்கவில்லை. பக்கத்துக் கதவைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்திருக்கிறேன். இது சரியா?
– வாசகர், மதுரை

சூடு குறையும், சந்தேகமே இல்லை. ஆனால் டேபிள் ஃபேன் அறையின் தூசியை எல்லாம் ஹீட் சிங்க்கில் (பிராசசரின் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் தகடுகள்) கொண்டுபோய் அடைக்கும். இரண்டு மாதத்தில் டேபிள் ஃபேனும் போதாமல் போகும். அதற்கு முன் செய்ய வேண்டியது வேறு.

பிராசசர் ஃபேனை மேலிருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். கழற்றிப் பாருங்கள். ஃபேனுக்கு அடியில், ஹீட் சிங்க் தகடுகளின் மேல் விளிம்பில் தூசி கம்பளித் துணி மாதிரி படிந்திருக்கும். காற்று அதைத் தாண்டி இறங்காது. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். புளோயர் பிடித்தால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றடித்துச் சுழலவிட்டால் அதன் அளவுக்கு மீறிய வேகத்தில் சுற்றி பேரிங் கெடும்.

ஹீட் சிங்க்கைக் கழற்றினால், பிராசசருக்கும் அதற்கும் இடையே சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றியே ஆக வேண்டும். காய்ந்த பேஸ்ட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, நடுவில் சிறு பட்டாணி அளவு புதிய பேஸ்ட் வைத்தால் போதும். ஹீட் சிங்க்கின் அழுத்தமே பரப்பிவிடும்.

இந்த மாடலில் பலரும் தவறவிடுவது நான்கு மூலைப் பிளாஸ்டிக் பின்கள். எதிரெதிர் மூலைகளாக அழுத்த வேண்டும். ஒவ்வொன்றும் 'டக்' என்று விழ வேண்டும். தலையில் இருக்கும் அம்புக்குறிப் பக்கம் திருப்பினால் கழன்றுவிடும் என்பதால், மாட்டும்போது அதைத் திருப்பி வைத்திருக்கக் கூடாது. மதர்போர்டின் அடிப்பக்கத்தைப் பார்த்து நான்கு பின்னும் வெளியே பிதுங்கியிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். ஒன்று மாட்டாமல் போனாலே ஹீட் சிங்க் ஒரு பக்கம் தூக்கி நிற்கும். பேஸ்ட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஃபேன் முழு வேகத்தில்தான் ஓடும்.

அடுத்து, காசு செலவில்லாத ஒன்று. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் பட்டியலில் 'புராசசர் பவர் மேனேஜ்மென்ட்' என்பதன் கீழ் 'மேக்சிமம் புராசசர் ஸ்டேட்' 100 என்று இருப்பதை 99 ஆக்குங்கள். பெரும்பாலான இன்டெல் கணினிகளில் இதனால் டர்போ (தேவைப்படும்போது பிராசசரின் வேகத்தைத் தானாக ஏற்றும் வசதி) நின்றுவிடும். உங்கள் பிராசசர் 4.3 கிகாஹெர்ட்ஸ் வரை பாயாமல் 2.9-லேயே நிற்கும். வேகம் கூடும்போது அதற்கு வேண்டிய வோல்டேஜும் கூடுகிறது. சூடோ, வேகத்தையும் வோல்டேஜின் வர்க்கத்தையும் பெருக்கிய கணக்கில் ஏறுகிறது. அதனால்தான் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கை விட்டால் சூடு அதைவிட அதிகமாக இறங்குகிறது. பிரவுசர், டேலி, வீடியோ பார்ப்பது இவற்றில் வித்தியாசமே தெரியாது. வீடியோ எடிட்டிங் செய்யும்போது மட்டும் திரும்ப 100 வைத்துக்கொள்ளுங்கள்.

கேபினெட் ஃபேனை 12 வோல்ட்டுக்குப் பதில் 7 வோல்ட்டில் ஓட்டினால் சத்தம் வராது என்கிறார் நண்பர். மஞ்சள், சிவப்பு ஒயரை மாற்றிப் போட்டால் போதுமாம். எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) கெட்டுவிடுமோ என்று பயம்.
– வாசகர், திருநெல்வேலி

நண்பர் சொல்வது பழைய வித்தை, வேலை செய்யும். உங்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது.

எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் நான்கு முனை மோலெக்ஸ் கனெக்டரில் மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், நடுவில் இரண்டு கறுப்பு கிரவுண்ட். மூன்று ஒயர் ஃபேனிலோ பெரும்பாலும் சிவப்புதான் 12 வோல்ட், கறுப்பு கிரவுண்ட், மஞ்சள் சுழற்சியை எண்ணும் ஒயர். நிறம் மாறி இருப்பதால் இங்கேதான் ஆட்கள் குழம்புகிறார்கள். ஃபேனின் சிவப்பை மோலெக்ஸ் மஞ்சளிலும், ஃபேனின் கறுப்பை மோலெக்ஸ் சிவப்பிலும் கொடுத்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 7 வோல்ட். ஃபேன் மெதுவாக ஓடும்.

சிக்கல் என்னவென்றால், ஃபேனில் ஓடிய மின்னோட்டம் 5 வோல்ட் லைனுக்குள் திரும்பிப் போகிறது. அந்த லைன் மின்சாரம் கொடுக்க வடிவமைத்தது, வாங்க அல்ல. 5 வோல்ட்டில் ஹார்ட் டிஸ்க், யூஎஸ்பி என்று வேறு சாதனங்கள் இழுத்துக்கொண்டிருக்கும்வரை பிரச்சினை இல்லை. ஃபேன் ஒருநாள் உள்ளே ஷார்ட் ஆனால் 12 வோல்ட் நேராக 5 வோல்ட் லைனில் பாயும். அதில் இருக்கும் டிஸ்க் எல்லாம் போய்விடும்.

அதே பலனை ஆபத்தில்லாமல் டையோடு மூலம் பெறலாம். 1என் 4007 டையோடு எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும், விலை மிகக் குறைவு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.7 வோல்ட்டைக் குறைக்கும். ஆறு டையோடுகளை வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக சால்டர் செய்து, ஃபேனின் சிவப்பு ஒயரை வெட்டி இடையில் சேருங்கள். எல்லா டையோடின் வெள்ளிக் கோடும் ஃபேன் பக்கம் பார்க்க வேண்டும். மொத்தத்தையும் ஹீட் ஷ்ரிங்க் டியூபில் மூடுங்கள். ஃபேனுக்கு 8 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். 5 வோல்ட் வரை இறக்க ஆசைப்படாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஃபேன் 5-லும் ஓடும், ஆனால் நின்ற நிலையிலிருந்து பல ஃபேன்கள் கிளம்பாது. பவர் கட் ஆகித் திரும்ப வந்தபின் அது சுற்றாமல் நின்றிருப்பது உங்கள் கண்ணில் படாது.

இதைக் கேபினெட் ஃபேனுக்கு மட்டும் செய்யுங்கள். பிராசசர் ஃபேனை பயாஸிலேயே (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை செட்டிங்ஸ்) அடக்க வேண்டும். பயாஸின் ஃபேன் கர்வ் பகுதியில் 60 டிகிரி வரை 40 சதவீதம், 85 டிகிரியில் 100 சதவீதம் என்று வைத்தால், இணையப் பக்கம் திறக்கும்போதெல்லாம் ஃபேன் வேகம் ஏறி இறங்கும் தொல்லை போய்விடும். காதைத் துளைப்பது பெரும்பாலும் அந்த ஏற்ற இறக்கம்தான்.

ஃபேனின் வேகம் பாதியானால் காற்று பாதியாகும், சத்தமோ ஏறத்தாழ 15 டெசிபல் இறங்கும். காது 10 டெசிபல் குறைந்ததையே பாதிச் சத்தமாக உணரும். எனவே 80 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று அலறிக்கொண்டிருந்தால், கேபினெட்டில் துளை இருக்கும் பட்சத்தில் 120 மில்லிமீட்டர் ஃபேனுக்கு மாறி மெதுவாக ஓட்டுவது எல்லா வித்தையையும்விட மேல்.

கண்ணாடி மீன் தொட்டியில் எண்ணெய் ஊற்றி மதர்போர்டை முழுதாக மூழ்கவைத்த வீடியோ பார்த்தேன். ஃபேனே இல்லை, சத்தமே இல்லை! 30 லிட்டர் தொட்டி கைவசம் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் போதுமா?
– கல்லூரி மாணவர், பொள்ளாச்சி

எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் போர்டு ஓடும். திரவத்தில் மூழ்கடித்துக் குளிர்விப்பது விளையாட்டு வேலையும் அல்ல. 1985-இல் வந்த கிரே-2 சூப்பர் கம்ப்யூட்டர் முழுவதும் ஃபுளோரினர்ட் என்ற திரவத்தில்தான் மூழ்கியிருந்தது. 2006-இல் டாம்ஸ் ஹார்டுவேர் இதழினர் சமையல் எண்ணெயில் ஒரு கணினியை ஓட்டிக் காட்டினார்கள். உங்கள் ஆர்வம் நியாயமானதுதான். ஆனால் தொட்டியில் எண்ணெய் ஊற்றும்முன் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

30 லிட்டர் மினரல் எண்ணெய் சுமார் 25 கிலோ. அதை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 48 கிலோஜூல் வேண்டும். கணினி 200 வாட் இழுத்தால் மணிக்கு 720 கிலோஜூல் எண்ணெய்க்குள் இறங்கும். முதல் ஒரு மணி நேரத்தில் எண்ணெய் 15 டிகிரி வரை ஏறும். வீடியோ எடுப்பவர்கள் பொதுவாக இந்த முதல் மணி நேரத்தைத்தான் காட்டுகிறார்கள்.

பிறகு தொட்டியின் சுவர் வழியாகச் சூடு வெளியே போயாக வேண்டும். உங்கள் தொட்டியின் வெளிப்பரப்பு அரை சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சும்மா நிற்கும் காற்றில் ஒரு சதுர மீட்டர், ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 10 வாட்தான் வெளியேற்றும். அதாவது உங்கள் தொட்டி ஒரு டிகிரிக்கு 5 வாட். 200 வாட் வெளியேற எண்ணெய் அறையைவிட 40 டிகிரி சூடாக இருக்க வேண்டும். அறை 35 என்றால் எண்ணெய் 75! பிராசசர் அதற்கும் மேலே. காலையில் போட்டால் மாலைக்குள் அந்த இடத்தை எட்டிவிடும். இதைத் தவிர்க்க பம்ப்பும் ரேடியேட்டரும் வைக்க வேண்டும், ரேடியேட்டருக்கு ஃபேன் வைக்க வேண்டும். எந்தச் சத்தத்திலிருந்து தப்பிக்கக் கிளம்பினோமோ அதுவே திரும்ப வந்துவிடுகிறது.

தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழி காலையில் ஸ்விட்ச் போடும்போது போர்டு கட்டியான எண்ணெயில் புதைந்திருக்கும். சூட்டில் நாள்பட இருந்தால் எந்தச் சமையல் எண்ணெயும் சிக்குப் பிடித்து நாறும், பிசினாகும். மினரல் எண்ணெய் கெட்டுப்போகாது. ஆனால் அதிலும் வேறு தொல்லைகள் உண்டு. கேபிளின் பிவிசி உறையிலிருக்கும் மென்மையாக்கும் பொருள் எண்ணெயில் கரைந்து போய், ஒயர் விறைத்து, வளைத்தால் வெடிக்கும். எண்ணெய் கேபிளின் இழைகளுக்கிடையே ஊர்ந்து மேலேறி, சுவர் பிளக் பக்கமும் மேஜையிலும் சொட்டும். சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் காற்றுத் துளை இருக்கும். அது மூழ்கினால் அன்றோடு முடிந்தது. எஸ்எம்பிஎஸ்ஸை உள்ளே போட்டால் 230 வோல்ட்டும் 30 லிட்டர் எரியும் எண்ணெயும் ஒரே கண்ணாடித் தொட்டியில். வீட்டில் குழந்தைகள் இருந்தால் யோசிக்கவே கூடாது.

கெட்டுப்போனாலும் பரவாயில்லை என்ற பழைய போர்டு இருந்து, கல்லூரிக் கண்காட்சிக்கு இரண்டு மணி நேரம் ஓட்டிக் காட்ட வேண்டுமென்றால் தாராளமாகச் செய்யுங்கள். டிஸ்க்கும் எஸ்எம்பிஎஸ்ஸும் வெளியே, எண்ணெய் மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரபின். பக்கத்தில் ஒருவர் எப்போதும் நிற்க வேண்டும். தினமும் பயன்படுத்தும் கணினிக்கு இது வேண்டாம்.

பழைய ஃபிரிட்ஜ் ஒன்று சும்மா கிடக்கிறது. அதற்குள் கணினியை வைத்துக் கேபிளை மட்டும் வெளியே எடுத்தால்?
– வாசகர், நாகப்பட்டினம்

ஃபிரிட்ஜ் உள்ளே வைக்கும் பொருளின் சூட்டை ஒருமுறை எடுத்துவிட்டு, பிறகு கதவு வழியே கசிவதை மட்டும் அவ்வப்போது எடுக்கும்படி அமைந்தது. உள்ளே 150 வாட் அடுப்பு ஒன்று நாள் முழுக்க எரிந்தால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடும், அப்படியும் உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். கம்ப்ரசரின் சத்தம் தனி, கரண்ட் பில் தனி.

இதைவிடப் பெரிய ஆபத்து ஈரம். உங்கள் ஊர் போன்ற கடற்கரையில், 34 டிகிரி வெப்பமும் 65 சதவீத ஈரப்பதமும் சாதாரணம். அந்தக் காற்றில் 26 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் நீர் முத்து முத்தாகப் படியும். குளிர்ந்த போர்டு இருக்கும் ஃபிரிட்ஜை ஒருமுறை திறந்தால் போதும், ராம் சிலாட்டில் வியர்க்கும். பெல்டியர் தகடு (மின்சாரம் கொடுத்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் தகடு) ஒட்டலாமா என்று கேட்ட மூன்று வாசகர்களுக்கும் இதுவே பதில். பெல்டியரில் இன்னொரு குறை, அது இழுக்கும் மின்சாரமும் சூடாகவே வெளியே வரும். 12 வோல்ட் 6 ஆம்பியர் தகடு என்றால் பிராசசர் சூட்டுடன் கூடுதலாக 70 வாட் வரை நீங்கள் வெளியேற்ற வேண்டும்.

எங்கள் ஊர் வறண்ட ஊர். மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். பானைக்குள் செப்புக் குழாய்ச் சுருள் வைத்து, மீன் தொட்டி பம்ப் மூலம் தண்ணீரை பிராசசருக்குச் சுற்றவிட்டால் எப்படி?
– வாசகர், கரூர்

வந்த யோசனைகளில் எங்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான். பானை நீர் ஆவியாதலால் குளிர்வதால், சுற்றுக் காற்றின் பனிநிலைக்குக் (காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) கீழே ஒருபோதும் போகாது. அதனால் மேலே சொன்ன வியர்க்கும் ஆபத்து இதில் இல்லை. ஃபிரிட்ஜைவிடப் பானை இந்த விஷயத்தில் பாதுகாப்பானது.

ஆனால் பலம் போதாது. பானையில் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குறைகிறது என்று அளந்து பாருங்கள். ஒரு லிட்டர் குறைந்தால், அது எடுத்துச் செல்லும் சூட்டை நாள் முழுவதற்கும் பங்கிட்டால் 28 வாட்தான். 150 வாட் கணினிக்கு மணிக்குச் சுமார் 220 மில்லி தண்ணீர் ஆவியாக வேண்டும். நீர் சூடேறினால் ஆவியாவது வேகம் பிடிக்கும், பின்புறமிருந்து மெதுவான ஃபேன் காற்று பட்டால் இன்னும் கூடும். இருந்தும் ஒரு பானை 150 வாட்டைத் தாங்காது. தினம் இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டினால் மட்டும் 20 லிட்டர் குளிர்நீரே தாக்குப்பிடிக்கும், ஏனெனில் 150 வாட்டில் அது மணிக்கு 6 டிகிரிதான் ஏறும். இரவு முழுக்க ஆற விட்டுவிடலாம்.

செய்வதென்றால் இரண்டு எச்சரிக்கை. பிராசசர்மேல் அமர்ந்து தண்ணீருக்குச் சூட்டைக் கொடுக்கும் பிளாக்கும் சுருளும் இரண்டுமே செம்பாக இருக்கட்டும். செம்பையும் அலுமினியத்தையும் ஒரே தண்ணீரில் சேர்த்தால் அலுமினியம் அரித்துப் பொத்தலாகும். குழாய்க்குள் ஓடுவது டிஸ்டில்டு வாட்டர், பானையில் இருப்பது வேறு தண்ணீர், இரண்டும் கலக்கக் கூடாது. போர்வெல் உப்புத் தண்ணீரைப் பானையில் ஊற்றினால் உப்புப் படிந்து மண்ணின் துளைகள் அடைந்து, சில வாரத்தில் பானை குளிர்விப்பதையே நிறுத்திவிடும்.

தெர்மல் பேஸ்ட்டுக்குப் பதில் டூத் பேஸ்ட்? முட்டை அட்டையைக் கேபினெட் உள்ளே ஒட்டினால் சத்தம் குறையுமா?
– வாசகர், கும்பகோணம்

டூத் பேஸ்ட் ஈரம் காயும்வரை வேலை செய்யும். காய்ந்ததும் வெறும் சுண்ணாம்புப் பொடி. வேண்டாம்.

முட்டை அட்டை மெலிதானது, ஃபேனின் அடிக்குரல் இரைச்சல் அதைத் தாண்டிப் போகும். தீயும் பிடிக்கும்.

ஃபேன் எல்லாம் மாற்றியாகிவிட்டது. ஆனாலும் மேஜையே 'ம்ம்ம்' என்று முனகுகிறது. எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை.
– வாசகர், சேலம்

ஒவ்வொரு ஃபேனின் நடு ஸ்டிக்கரிலும் விரலை மெதுவாக அழுத்தி இரண்டு மூன்று நொடி நிறுத்துங்கள், இறக்கையைத் தொடாமல். எதை நிறுத்தியும் முனகல் நிற்கவில்லை என்றால் அது ஹார்ட் டிஸ்க். 7200 சுற்று டிஸ்க் நொடிக்கு 120 முறை அதிரும். அந்த அதிர்வு நான்கு ஸ்க்ரூ வழியாகத் தகரத்துக்கும் தகரத்திலிருந்து மேஜைக்கும் போகிறது. மேஜைப் பலகைதான் ஸ்பீக்கர்.

பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூப் கேளுங்கள். இரண்டு விரல் அகலத்துக்கு வளையங்களாக வெட்டி, டிவிடி டிரைவ் இருக்கும் பெரிய அறையின் இரு பக்கமும் இழுத்துக் கட்டி, டிஸ்க்கை நடுவில் தொங்கவிடுங்கள். தகரத்தில் எங்கும் படக் கூடாது, கேபிள்கள் தளர்வாக இருக்க வேண்டும், கணினி ஓடும்போது கேபினெட்டை நகர்த்தக் கூடாது. ஸ்க்ரூ வழியாகத் தகரத்துக்குப் போய்க்கொண்டிருந்த சூடு இனிப் போகாது என்பதால் டிஸ்க் வெப்பத்தைக் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் பாருங்கள். 50 டிகிரியைத் தாண்டினால் முன்பக்கம் ஒரு மெதுவான ஃபேன் தேவை. டியூப் ரப்பர் சூட்டில் இற்றுப்போகும், வருடம் ஒருமுறை மாற்றுங்கள். விண்டோஸை எஸ்எஸ்டிக்கு மாற்றி, ஹார்ட் டிஸ்க்கைப் பேக்கப்புக்கு மட்டும் செருகினால் இந்த வேலையே இல்லை.

முனகல் ஃபேனிலிருந்து வந்து, அது ஸ்லீவ் பேரிங் ஃபேனாக இருந்தால், ஸ்டிக்கரைப் பாதி உரித்து, ரப்பர் மூடி இருந்தால் எடுத்துவிட்டு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடலாம். அது சில மாதம் தாங்கும். எஸ்எம்பிஎஸ் ஃபேனுக்காக அந்தப் பெட்டியைத் திறக்காதீர்கள். உள்ளே பெரிய கெபாசிட்டரில் 325 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும். பிளக்கை எடுத்த பிறகும் அது அடிக்கும்.

கம்ப்யூட்டர் டேபிளின் கீழ் அறையில் கேபினெட்டை வைத்துக் கதவை மூடினால் சத்தம் கேட்பதில்லை. ஆனால் ஒரு மணி நேரத்தில் அணைந்துவிடுகிறது.
– வாசகர், வேலூர்

ஃபேன் துப்பிய சூடான காற்றையே ஃபேன் திரும்ப இழுக்கிறது. பின்பலகையை முழுவதும் எடுத்துவிட்டு, மேஜையைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்துங்கள். முன்கதவு இருக்கட்டும், அடியில் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள்.

எவ்வளவு காற்று வேண்டுமென்று எளிதாகக் கணக்கிடலாம். வாட்டை மூன்றால் பெருக்கி, எத்தனை டிகிரி உயர்வைப் பொறுத்துக்கொள்வீர்களோ அதால் வகுத்தால் மணிக்கு எத்தனை கன மீட்டர் என்று கிடைக்கும். 150 வாட், 10 டிகிரி என்றால் 45 கன மீட்டர். மெதுவாக ஓடும் ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் இதைத் தரும், வழியில் பலகை குறுக்கே நிற்காவிட்டால். அட்டைப் பெட்டியை வெட்டிக் குழாய் போல மடித்து, கேபினெட்டின் பின் ஃபேனிலிருந்து மேஜைக்கு வெளியே கொண்டுபோனால் சூடான காற்று திரும்பி வரவே வராது.

அறைச் சுவரில் துளையிட முடிந்தால் கேபினெட்டை அடுத்த அறைக்கே அனுப்பிவிடலாம். மானிட்டருக்கு 10 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள் 1080பி வரை பொதுவாகப் போதும். யூஎஸ்பி 2.0 கேபிளின் வரம்பு 5 மீட்டர், அதற்குமேல் ஆக்டிவ் எக்ஸ்டென்ஷன் வாங்க வேண்டும். பரணில் மட்டும் வைக்காதீர்கள், வீட்டின் சூடான காற்றெல்லாம் அங்கேதான் தேங்கும்.

கேம் விளையாடும்போது கிராபிக்ஸ் கார்டிலிருந்து சில்வண்டுபோல் 'கீ' என்ற சத்தம். ஃபேனை நிறுத்தினாலும் போகவில்லை.
– வாசகர், ஓசூர்

அது கார்டிலுள்ள கம்பிச் சுருள், அதாவது 'காயில்', அதிரும் சத்தம். பழுது அல்ல, கார்டுக்குக் கெடுதலும் இல்லை. கேமின் மெனு திரையில் நொடிக்கு ஆயிரக்கணக்கில் ஃபிரேம் ஓடும்போது உச்சத்தில் கேட்கும். டிரைவர் செட்டிங்கில் ஃபிரேம் வரம்பை மானிட்டருக்கு ஏற்ப 60 அல்லது 75 என்று வையுங்கள். கார்டின் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்குங்கள். இரண்டையும் செய்தபின் சத்தம் பெரும்பாலும் அடங்கிவிடும், கார்டின் சூடும் கூடவே குறையும். காயில்மேல் க்ளூ கன் ஊற்றச் சொல்பவர்களை நம்பிச் செய்யாதீர்கள். வாரண்டி போய்விடும், ஒட்டிய க்ளூவும் காயிலின் சூட்டில் இளகி வழியும்.